நியூயார்க் பூங்காக்களில் செவ்வால் பருந்தின் கூட்டை எப்படிப் பார்ப்பது?

ஏப்ரல் தொடக்கத்தில் வந்து ஜூலை கடைசி வரை நியூயார்க்கில் மகள் வீட்டில் தங்கப்போவதாகவும், சென்ட்ரல் பார்க் பக்கம் பருந்துகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதைப் பார்க்க ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கே நிற்பது, எதைக் கவனிப்பது, எவ்வளவு கிட்டே போகலாம், ஊரில் மாமரத்தில் வைரி என்ற சிறு பருந்தின் கூட்டைப் பார்த்த பழக்கம் இங்கே உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இருக்கப்போகும் நான்கு மாதமும் இதற்கு ஏற்ற மாதங்கள்தான். நீங்கள் வந்து இறங்கும்போது பெண் பறவை முட்டைமேல் உட்கார்ந்திருக்கும். கிளம்பும்போது குஞ்சுகள் சொந்தமாக வேட்டையாடத் தொடங்கியிருக்கும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் பார்க்கப்போவது செவ்வால் பருந்து. வைரி ஒரு புறா அளவுதான். இது அதைவிடப் பல மடங்கு பெரியது. இறக்கையை விரித்தால் ஏறக்குறைய 4 அடி. ஆண் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். பெண் ஒன்றரைக் கிலோ வரை போகும். முதிர்ந்த பறவையின் வால் மேற்பக்கம் செங்கல் நிறத்தில் இருக்கும். வெயிலில் திரும்பும்போது அந்த நிறம் பளிச்சென்று தெரியும், தவறவே விடமாட்டீர்கள். ஆனால் அந்தச் செந்நிறம் இரண்டாம் வயதில்தான் வரும். அந்த ஆண்டுக் குஞ்சின் வால் பழுப்பாக, குறுக்குப் பட்டைகளோடு இருக்கும். கண்ணும் வெளிர் மஞ்சள். பெரியவற்றின் கண் கரும்பழுப்பு. ஜூன் மாதத்தில் எது பெற்றோர், எது பிள்ளை என்று பிரித்தறிய இந்த இரண்டு அடையாளம் போதும்.

வைரிக் கூட்டைப் பார்த்த பொறுமை நிச்சயம் உதவும். மரத்தடிக்கே போய் அண்ணாந்து பார்க்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இவற்றின் கூடு இரண்டு மூன்று அடி அகலமுள்ள சுள்ளிக் குவியல். கீழே நின்றால் சுள்ளியின் அடிப்பக்கம்தான் தெரியும். தள்ளிப் போகப் போகத்தான் கூட்டுக்குள் நடப்பது கண்ணுக்கு எட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கூட்டைக் கண்டுபிடித்ததும் பைனாகுலரைக் கூட்டிலேயே ஊன்றி வைத்துக்கொண்டு நிற்பவர்கள் அரைமணியில் சலித்துப் போகிறார்கள். பெண் பருந்து நான்கு ஐந்து வாரம் அடைகாக்கும். அந்த நாட்களில் கூட்டு விளிம்புக்கு மேல் அதன் உச்சந்தலை மட்டும் தெரியும், சில கோணங்களில் அதுவும் தெரியாது. ஆகவே ஆண் பறவையைத் தேடுங்கள். கூட்டில் என்ன நடந்தாலும் அதற்கு முன்னால் ஆணிடம் ஓர் அசைவு இருக்கும். இரை கொண்டுவருவது அது. பெண் எழுந்து போய்ச் சாப்பிட்டு, சோம்பல் முறித்து வரும்வரை முட்டைமேல் உட்கார்வதும் அதுதான். காகமோ வேறொரு பருந்தோ எல்லைக்குள் வந்தால் முதலில் எழும்பிப் போவதும் அதுவே. வேலையில்லாத நேரத்தில் பெரும்பாலும் கூடு தெரிகிற ஓர் உயரமான இடத்தில் உட்கார்ந்திருக்கும். தண்ணீர்த் தொட்டியின் உச்சி, மாடி ஆன்டெனா, தேவாலயச் சிலுவை, ஏசிப் பெட்டி என்று அதற்கென ஐந்தாறு இருக்கைகள் வழக்கமாக உண்டு. அந்த இருக்கைகளை நீங்கள் தெரிந்துகொண்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஆணைக் கண்டுபிடிக்க மற்ற பறவைகளே உதவும். புறாக் கூட்டம் காரணமில்லாமல் ஒரே வீச்சில் எழும்பி வட்டமடித்தால் மேலே பாருங்கள். நீல ஜே என்று ஒரு பறவை, நம் ஊர்க் காக்கைக்கு உறவு, பருந்தைக் கண்டால் ஊரைக் கூட்டிவிடும். அது கத்துகிற மரத்தில் பெரும்பாலும் பருந்து இருக்கும். ஒரு எச்சரிக்கை: அதே நீல ஜே செவ்வால் பருந்தின் குரலை அச்சு அசலாகப் போலி செய்யவும் செய்யும். குரலை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். அந்தக் குரல் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமானதாகத்தான் இருக்கும். நீண்டு, கரகரப்பாக, கீழே இறங்கி முடியும் கூவல். ஹாலிவுட் படங்களில் வெண்தலைக் கழுகு பறக்கும்போது கேட்கும் கம்பீரமான குரல் பெரும்பாலும் இந்தப் பருந்துடையதுதான். வெண்தலைக் கழுகின் சொந்தக் குரல் மெல்லிய கீச்சொலி.

சரி, எங்கே நிற்பது? மன்ஹாட்டனில் இந்தப் பருந்துகள் கட்டடத்திலும் கட்டும், மரத்திலும் கட்டும். இரண்டுக்கும் பார்க்கும் முறை வேறு. மரக்கூடுகளைத் தேட நல்ல காலம் குளிர்காலம். இலையில்லாத கிளைகளில் கூடு தனியாகத் தெரியும். நீங்கள் வரும் ஏப்ரல் முதல் இரண்டு மூன்று வாரம் அந்த வசதி மிச்சமிருக்கும். அதற்குள் கண்டுபிடித்து, எந்தக் கோணத்தில் இடைவெளி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குஞ்சு வெளிவருகிற அதே நாட்களில் இலையும் தளிர்த்து மூடத் தொடங்கிவிடும். கிழக்கு வில்லேஜில் உள்ள டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் இதை நன்றாகப் பார்க்கலாம். அங்கே 2014-ல் ஒரு ஜோடி, பூங்காவை ஒட்டிய கிறிஸ்டோடோரா ஹவுஸ் கட்டடத்தின் ஏசிப் பெட்டிமேல் கட்டியது. பிறகு வந்த ஆண்டுகளில் பூங்கா மரங்களுக்கு மாறியது. மாறியதும் பார்வையாளர்கள் நிற்கும் இடமும் மாற வேண்டியதாயிற்று.

கட்டடக் கூட்டுக்கு இலைத் தொந்தரவு இல்லை. வெளிச்சம்தான் பிரச்சினை. வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் தெற்கே நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பாப்ஸ்ட் நூலகம் இருக்கிறது. அதன் 12-ஆம் மாடி விளிம்பில் 2011-ல் ஒரு ஜோடி கட்டியது. பூங்காவிலிருந்து பார்ப்பவர் தெற்கு நோக்கி, வெயிலை எதிர்கொண்டு நிற்க வேண்டும். கூடு நிழலில் இருக்கும். ஹார்லெம் பக்கம், மார்னிங்சைட் பூங்காவை ஒட்டிய புனித ஜான் பேராலயத்தில் 2006-இலிருந்து பல ஆண்டுகள் புனித ஆண்ட்ரூ சிலையின் தோளுக்குப் பின்னால் ஒரு கூடு இருந்தது. அது கிழக்குப் பக்கம் என்பதால் காலைதான் பொருத்தமான நேரம். சென்ட்ரல் பார்க்கின் கிழக்கு ஓரத்தில், ஃபிஃப்த் அவென்யூ கட்டடங்களின் முகப்பு மேற்கு பார்த்தது. அங்கே பிற்பகல் வெயில் விழும் நேரம்தான் நல்லது. காலையில் போனால் கருநிழல்தான் தெரியும். எந்த ஜோடி எந்த ஆண்டு எங்கே கட்டும் என்று நிச்சயமில்லை. ஒரே ஜோடி இரண்டு மூன்று கூடுகளைத் தயார் செய்துவிட்டு மார்ச்சில்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். வந்ததும் பூங்காவில் பெரிய லென்ஸ் வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்பவர்களைக் கேளுங்கள். மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

இந்த ஊரில் இப்படி முன்பின் தெரியாதவர்கள் கூடி நின்று பருந்து பார்க்கும் பழக்கம் வந்த கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1991-ல் சென்ட்ரல் பார்க்குக்கு ஓர் இளம் ஆண் பருந்து வந்தது. தலை வழக்கத்தைவிட வெளிறி இருந்தது. மேரி வின் என்ற எழுத்தாளர் அதற்கு ‘பேல் மேல்’, அதாவது வெளிறிய ஆண், என்று பெயர் வைத்தார். மரத்தில் அது கட்டிய முதல் கூடு தேறவில்லை. 1993-ல் 927, ஃபிஃப்த் அவென்யூ என்ற பணக்காரக் குடியிருப்பின் 12-ஆம் மாடி ஜன்னலுக்கு மேலிருந்த பிதுக்கத்தில் கட்டத் தொடங்கியது. புறா உட்காராமலிருக்க அங்கே கூர்கம்பிகள் பொருத்தியிருந்தார்கள். அந்தக் கம்பிகளே சுள்ளிகளைப் பிடித்து நிறுத்தின. 1995-ல் முதல் தடவையாகக் குஞ்சுகள் அங்கிருந்து பறந்தன. பூங்காவுக்குள், பொம்மைப் படகு விடும் குளத்தின் மேற்குக் கரை பெஞ்சுகள்தான் பார்வையாளர்கள் கூடும் இடமாயின. குழந்தைகளைக் கூட்டிவந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், மதிய உணவு இடைவேளைக்காரர்கள் எல்லாரும் ஒரே தொலைநோக்கியில் வரிசை நின்று பார்த்தார்கள்.

2004 டிசம்பர் 7-ஆம் தேதி அந்தக் குடியிருப்பின் நிர்வாகக் குழு கூட்டையும் கம்பிகளையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டது. எச்சமும் இரையின் மிச்சமும் கீழே விழுவதாக அவர்களுக்குக் குறை இருந்தது. சட்டம் இடம் கொடுத்ததா என்று கேட்பீர்கள். இவை 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. ஆனால் முட்டையோ குஞ்சோ இல்லாத கூட்டை எடுக்கலாம் என்று 2003-ல் மத்திய வனவிலங்குத் துறை ஒரு விளக்கம் கொடுத்திருந்தது. டிசம்பரில் கூடு காலியாகத்தானே இருக்கும். அந்த ஓட்டையில்தான் எல்லாம் நடந்தது. மறுநாளிலிருந்து தெருவில் கூட்டம். பருந்துக்காக ஹாரன் அடியுங்கள் என்று அட்டை பிடித்து நின்றார்கள். பேருந்துகளும் டாக்சிகளும் அடித்துக்கொண்டே போயின. அந்தக் கட்டடத்திலேயே குடியிருந்த நடிகை மேரி டைலர் மூர் எதிர்ப்பாளர்கள் பக்கம் நின்றார். இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 23-ல், உலோகத் தொட்டில் ஒன்றைப் பொருத்தி இடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பருந்துகள் உடனே சுள்ளி கொண்டுவரத் தொடங்கின.

செய்தித்தாள்களில் கதை இங்கே சுபமாக முடிந்துவிட்டது. குளக்கரையில் நின்றவர்களுக்கு முடியவில்லை. 2005-இலிருந்து 2010 வரை, ஆறு ஆண்டு தொடர்ந்து, முட்டை பொரியவே இல்லை. லோலா என்ற பெண் பருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் நாள் கடந்தும் விடாமல் உட்கார்ந்திருந்தது. புதிய தொட்டிலில் மிச்சமிருந்த கூர்முனைகளால் முட்டை சரியாகச் சூடேறவில்லை என்றார்கள் சிலர். பறவைகளின் வயது காரணம் என்றார்கள் வேறு சிலர். 2008-ல் அந்த முனைகளையும் எடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. 2010 கடைசியில் லோலா காணாமல் போனது. 2011-ல் வேறொரு துணையோடு பேல் மேலுக்கு மறுபடி குஞ்சுகள் பொரித்தன. 2023 மே மாதத்தில் அது இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். காட்டில் வாழும் செவ்வால் பருந்துக்கு 30 வயதைத் தாண்டுவது மிகமிக அரிது. இறந்தது 1991-ல் வந்த அதே பறவைதானா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அதன் காலில் வளையம் கிடையாது, நிரூபிக்க வழியில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த வாதத்தைவிட முக்கியமானது வேறு. பார்ப்பதற்கு ஆள் இருந்ததால்தான் கூடு போன அன்றைக்கே ஊருக்குத் தெரிந்தது.

இப்போது மாதவாரியாக எதைப் பார்ப்பது என்று வருவோம். இங்கே முட்டை இடுவது பெரும்பாலும் மார்ச் நடுவிலிருந்து. இரண்டு அல்லது மூன்று முட்டை, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இடும். 28 முதல் 35 நாள் அடைகாப்பு. ஆக, நீங்கள் வரும் வாரங்களில் வெளிப்பார்வைக்கு ஒன்றும் நடக்காது. அந்த நாட்களை ஆணின் இருக்கைகளைத் தெரிந்துகொள்ளச் செலவிடுங்கள். ஆண் பெண்ணை மாற்றிவிடும் நேரத்தையும் கவனியுங்கள். ஆண் கூட்டுக்குள் இறங்கும், பெண் எழுந்து போகும், ஆண் கால்விரலை மடக்கிக்கொண்டு மெல்ல நடந்து முட்டைமேல் அமரும். கூரிய நகம் முட்டையில் படாமல் இருக்க அந்த நடை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

குஞ்சு பொரித்ததைக் குஞ்சைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முதல் பத்து நாள் அது விளிம்புக்குக் கீழேயே கிடக்கும். பெரியவற்றின் நடத்தை மாறுவதைத்தான் பிடிக்க வேண்டும். இதுவரை தட்டையாகப் படுத்திருந்த பெண் சற்று உயர்ந்து, இறக்கையை லேசாக அகட்டி உட்காரும். அடிக்கடி எழுந்து தன் வயிற்றுக்குக் கீழே குனிந்து பார்க்கும். ஆண் இதுவரை இரையை வெளியே எங்கோ வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததல்லவா, இப்போது நேராகக் கூட்டுக்கே கொண்டுவரும். அப்புறம் உறுதியான அடையாளம் ஒன்று: பெண் விளிம்பில் நின்று இரையைக் கிழிப்பதும், தலையைச் சாய்த்து மிக மெதுவாகக் கீழே நீட்டுவதும். தான் தின்னும்போது பிய்த்து விழுங்குகிற வேகம் வேறு. ஊட்டும்போது இருக்கும் நிதானம் வேறு. இந்த வேறுபாட்டைக் கண் பழகிவிட்டால், 12 மாடிக்குக் கீழே நின்றபடி குஞ்சு பொரித்தாயிற்று என்று சொல்லிவிடலாம்.

நாள் தள்ளிப்போனாலும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். பாப்ஸ்ட் நூலகக் கூட்டில் 2011-ல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் கேமரா வைத்திருந்தது. உலகமெங்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொரிக்க வேண்டிய காலம் கடந்துவிட்டது, இனி இல்லை என்றே பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். மே 6-ஆம் தேதி ஒரே ஒரு குஞ்சு வெளிவந்தது. பிப் என்று பெயரிட்டார்கள். அது நன்றாக வளர்ந்து பறந்தும் போனது. அதன் தாய் வயலட்டின் காலில் போட்டிருந்த உலோக வளையம் இறுகிக் கால் வீங்கியிருந்தது. பிடித்து எடுத்துவிடலாம் என்று ஒரு பக்கம். பிடித்தால் குஞ்சு போய்விடும் என்று மறுபக்கம். அதிகாரிகள் நிபுணர்களோடு பேசித் தலையிடாமல் விட்டார்கள். அந்த டிசம்பரில் வயலட்டைப் பிடித்துக் காலுக்கு அறுவை செய்தும் அது பிழைக்கவில்லை. அன்று எடுத்த முடிவு சரிதான் என்றே நினைக்கிறேன். குஞ்சு பிழைத்தது அதனால்தான். ஆனாலும் கேமராவில் அந்தக் காலைத் தினமும் பார்த்தவர்களுக்கு அது எளிதாக இருந்திருக்காது.

மே மாதம்தான் கண்ணுக்கு விருந்து. முதலில் வெள்ளைத் தூவித் தலை ஒன்று விளிம்புக்கு மேல் ஆடும். கட்டடச் சுவரிலோ கீழ்க் கிளைகளிலோ வெள்ளைக் கோடுகள் புதிதாகத் தெரியும். குஞ்சுகள் பின்பக்கத்தை விளிம்புக்குத் திருப்பி எச்சத்தைக் கூட்டுக்கு வெளியே பீச்சியடிக்கும், கூடு சுத்தமாக இருக்க. இலை மறைத்த மரக்கூட்டில் குஞ்சு உயிரோடு இருப்பதை அறிய இந்தக் கோடுகள்தான் வழி. மூன்றாம் வாரத்தில் இறக்கையில் கருஞ்சிறகுகள் முளைக்கும். ஐந்தாம் வாரம் கூட்டிலேயே நின்று இறக்கை அடிக்கும். ஒன்று அடிக்கையில் மற்றது ஒதுங்கி நிற்க இடம் போதாமல் தள்ளுமுள்ளு நடக்கும். இரையும் இந்தக் காலத்தில்தான் அதிகம் வரும். புறா, எலி, அணில். ஆண் ஒரு நாளில் பல தடவை வருவதைப் பார்ப்பீர்கள்.

அந்த எலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த நகரப் பருந்துகளைக் கொல்வதில் எலி விஷத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது புழங்கும் புரோடிஃபாகம் போன்ற விஷங்கள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதான் பருந்துக்குச் சுலபமாகக் கிடைக்கும். விஷம் ஈரலில் தங்கி, அடுத்தடுத்த எலியோடு சேர்ந்துகொண்டே போகும். பேல் மேலோடு 2011-ல் குஞ்சு பொரித்த அந்தப் பெண் பருந்து 2012 பிப்ரவரியில் சென்ட்ரல் பார்க்கில் இறந்து கிடந்தது. காரணம் எலி விஷம் என்று பரிசோதனையில் தெரிந்தது. மிருகக்காட்சிசாலையிலிருந்து 2023-ல் தப்பி ஓராண்டு ஊரையே மயக்கிய ஃபிளாகோ என்ற பெரிய ஆந்தை 2024 பிப்ரவரியில் இறந்தபோதும் உடலில் இதே வகை விஷம் இருந்தது, கூடவே புறாவிலிருந்து தொற்றிய வைரஸும். அதற்குப் பிறகு அந்த ஆண்டே நகர மன்றம், விஷத்துக்குப் பதில் எலிகளுக்குக் கருத்தடை மருந்து வைத்துப் பார்க்கும் சோதனைத் திட்டத்துக்குச் சட்டம் கொண்டுவந்தது. சில பூங்காக்களில் எலி வளைக்குள் உலர்பனி போட்டு அடைக்கும் முறையையும் கையாண்டார்கள். உலர்பனி கரியமில வாயுவாக மாறி எலியை வளைக்குள்ளேயே கொன்றுவிடும், பருந்துக்கு எதுவும் மிஞ்சாது. எனக்குக் கேட்டால், கூடு இருக்கும் பூங்காவைச் சுற்றி நான்கைந்து தெருவிலாவது விஷப்பெட்டியே இருக்கக்கூடாது. நீங்கள் நடக்கும்போது சுவரோரம் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிகள் தெரியும், அவைதான்.

தரையில் ஒரு முதிர்ந்த பருந்து இறக்கை தொங்க உட்கார்ந்திருந்து, ஆள் கிட்டே போனாலும் பறக்காமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். தொடாதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். நகம் கையைத் துளைத்துவிடும். பூங்கா ஊழியரையோ, நகர நிர்வாகத்தின் உதவி எண்ணான 311-ஐயோ, கொலம்பஸ் அவென்யூவில் இருக்கும் வைல்ட் பேர்ட் ஃபண்ட் என்ற பறவை மருத்துவமனையையோ மகளை விட்டு அழைக்கச் சொல்லுங்கள். ஆனால் ஜூன் மாதத்தில் தரையில் ஓர் இளம் பருந்து உட்கார்ந்திருந்தால் அவசரப்பட வேண்டாம். இந்த வித்தியாசம் மிக முக்கியம்.

குஞ்சுகள் கூட்டை விடுவது ஆறு ஏழு வார வயதில், அதாவது பெரும்பாலும் ஜூனில். மரக்கூட்டுக் குஞ்சு முதலில் பக்கத்துக் கிளைக்குத் தாவும், திரும்பும், அடுத்த கிளைக்குப் போகும். கட்டடக் குஞ்சுக்கு அந்த ஒத்திகை கிடையாது. விளிம்பிலிருந்து நேராக வெட்டவெளிதான். ஆகவே முதல் பறத்தல் எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. கார் கூரை, கடைப் பந்தல், இரண்டாம் மாடி ஜன்னல், சில நேரம் நடைபாதை. தரையில் இறங்கிய குஞ்சு விழித்த கண்ணோடு, நிமிர்ந்து நின்றால் அதற்கு ஒன்றுமில்லை. பெற்றோர் மேலே எங்கோ பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஜனங்கள் சுற்றி நின்றால் அவை இறங்கிவராது, இரையும் கொடுக்காது. நாயோடு வருபவரைச் சுற்றிப் போகச் சொல்வதும், வளையம் கட்டி நிற்பவர்களைப் பின்னால் நகரச் சொல்வதும்தான் நாம் செய்யக்கூடிய உதவி. வண்டிச் சாலையில் இறங்கிவிட்டால் மட்டும் பூங்கா ஊழியரைக் கூப்பிடுங்கள்.

எவ்வளவு கிட்டே போகலாம் என்ற கேள்விக்கும் பதில் பருந்திடமே இருக்கிறது. நகரத்தில் வளர்ந்த பருந்துகள் கீழே மனிதர் நடமாடுவதைச் சட்டை செய்வதில்லை. ஆனால் நீங்கள் நின்றதும் அது தின்பதை நிறுத்தி உங்களையே பார்த்தால், அல்லது கூட்டில் இருக்கும் பெண் கழுத்தை நீட்டிக் கத்தத் தொடங்கினால், மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பேசாமல் பின்வாங்கிவிடுங்கள். மரக்கூட்டுக்கு நேர் கீழே ஒருபோதும் நிற்க வேண்டாம். அதன் கவனத்தைத் திருப்பச் செல்பேசியில் பருந்துக் குரல் போடுபவர்களைப் பார்ப்பீர்கள். அது தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று நம்பி முட்டையை விட்டுக் கிளம்பும். யாராவது அப்படிச் செய்தால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஜூலையில் கூட்டைப் பார்க்க அவசியமே இல்லை, அது காலி. அந்த மாதம் காதால் தேடும் மாதம். பறந்துவிட்ட குஞ்சுகள் பல வாரம் பெற்றோரையே நம்பியிருக்கும். பசி வந்தால் ஓயாமல் கெஞ்சிக் கத்தும். காலையில் பூங்காவுக்குள் நுழைந்ததும் அந்தக் குரல் வரும் திசையில் நடந்தால் போதும். புல்வெளியில் சருகையும் குச்சியையும் பாய்ந்து பிடித்துப் பழகுவதை, அணிலைத் துரத்தித் தோற்பதை, குருவிகளிடமும் நீல ஜேயிடமும் அடி வாங்குவதை எல்லாம் சில அடி உயரத்திலேயே பார்க்கலாம். முதல் ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட இளம் பருந்துகள் தேறுவதில்லை. அதனால் ஜூலை கடைசியில் ஒரு குஞ்சு தானே எலி பிடிப்பதை நீங்கள் பார்த்துவிட்டால், குளக்கரையில் நிற்கும் யாரிடமாவது போய்ச் சொல்லுங்கள். அவர்கள் அதைக் குறித்து வைத்துக்கொள்வார்கள்.

சாமான் விஷயம்: 8×42 பைனாகுலர் போதும், ஊரில் வைத்திருப்பதையே கொண்டுவாருங்கள். 12 மாடிக் கூட்டுக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி, இருந்தால் நல்லதுதான். ஆனால் விமானத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். பெஞ்சுப் பக்கம் யாராவது ஒருவர் வைத்திருப்பார், கேட்டால் தருவார். ஏப்ரலில் பெஞ்சில் உட்கார்ந்தால் குளிர் எலும்பில் இறங்கும். காதை மூடும் குல்லாவும் கையுறையும் கட்டாயம். கழுத்து வலிக்காமலிருக்க, சாய்மானம் உள்ள பெஞ்சாகப் பார்த்து உட்காருங்கள்.